கட்டை வைத்த கை

"பாரத்த இறக்கி வைக்கத்தான் தினமும் கோயிலுக்குப் போறேன். வெளிய வந்து பாத்தா தலையிலயேதான் இருக்கு. ஏம்மா?"

குத்தாலிங்கம் ஆசாரி கேட்டார்.

அவருக்குக் குருவான மடத்தம்மா உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கோமுவுக்கு எப்பம்?"

"தேரோட்டத்த ஒட்டித்தான்னு ஆசுபத்திரில சொல்லுதாங்க."

"அப்பம் பக்கத்துல வந்துட்டு."

"அதத்தாம்மா சொல்லுதேன். தூக்கமே இல்ல."

உலகம்மைக்கு ஆசாரியின் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவை அம்மா என்பார். ஊருக்கு இது வேடிக்கை. அவர்கள் இருவருக்கும் இதில் வேடிக்கை எதுவும் தெரிந்ததில்லை.

கோமு ஆசாரிக்கு ஒரே மகள். அவள் சிறுமியாக இருந்தபோது அவள் அம்மா இரண்டாம் பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. இப்போது கோமு தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் வாசற்படி ஏறிய நாளிலிருந்து ஆசாரி நெருப்பின்மேல் நிற்கிறார்.

சும்மா நிற்கவில்லை. காலையும் மாலையும் கோயிலுக்குப் போகிறார்.

அவர் வேண்டிக்கொள்வதைப் பக்கத்தில் நின்று கேட்டவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரகாரத்துக்கு ஓடியிருக்கிறார்கள். "வலி பகல்ல வரணும். பெரிய டாக்டரம்மா இருக்கும்போது வரணும். மழை வரப்படாது. தலை முதல்ல திரும்பணும், கொடி சுத்தப்படாது..." சாமிக்கே வேலை சொல்லிக்கொடுப்பார். கடைசியில், "எல்லாம் உன் பொறுப்பு" என்று நெஞ்சில் கையை இறுக்கிக் கும்பிடுவார். கும்பிட்ட கையோடு நேரே வீட்டுக்குப் போய், வயிறு இறங்கியிருக்கிறதா என்று மகளை உற்றுப் பார்ப்பார்.

"அப்பா, நீங்க பாக்கற பார்வையிலதான் எனக்குப் பயமே வருது" என்று கோமு ஒருநாள் அழுதேவிட்டாள்.

உலகம்மை கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"எல்லாம் உன் பொறுப்புன்னுதான சொல்லுதீங்க?"

"சொல்லுதேன். வாய் சொல்லுது." என்றார் ஆசாரி. "அவ அம்மைக்கும் இப்படித்தாம்மா வேண்டுனேன். அன்னைக்குக் கேக்காத சாமிகிட்ட இன்னைக்கு எப்படி விட்டுட்டு வர?"

இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்கிற குருமார்கள் உண்டு. முன்வினை என்பார்கள். சோதனை என்பார்கள். சொல்லிவிட்டு விபூதியும் கொடுப்பார்கள்.

உலகம்மை அந்த ரகமில்லை. அவர் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

பிறகு கேட்டார்.

"அண்ணாச்சி, எனக்குக் கட்டை போடச் சொல்லித் தாங்க."

ஆசாரி விழித்தார்.

"எதும்மா?"

"தேருக்குக் கட்டை போடுதீங்கள்ல. அத."

அந்த ஊர்த் தேரைப் பார்த்தவர்களுக்குத்தான் இது எப்பேர்ப்பட்ட கேள்வி என்று புரியும்.

கோபுரம் ஒன்று எழுந்து நடந்து வந்தால் எப்படியிருக்கும்? அப்படி வரும் அது. ஊரே வடத்தைப் பிடித்து இழுக்கும். சக்கரம் ஒரு ஆளைவிட உயரம். அது உருளும்போது எழும் முனகல் தெருமுனையில் நிற்பவரின் காலுக்கு அடியில் கேட்கும். கைப்பிள்ளைகள்கூட அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கும்.

இழுப்பதற்கு ஊர் இருக்கிறது. நிறுத்துவதற்கு இரண்டே பேர். வலது சக்கரத்துக்குக் குத்தாலிங்கம், இடது சக்கரத்துக்கு அவர் சித்தப்பா மகன் செண்பகராமன். ஆளுக்கொரு புளியமரக் கட்டை. ஒருபக்கம் சரிவாகச் செதுக்கி, மறுபக்கம் பிடி வைத்தது. வருகிற சக்கரத்துக்கு முன்னால் குனிந்து கட்டையை வைத்தால், சக்கரம் சரிவில் ஏறி, முனகி, நின்றுவிடும்.

மலை மாதிரி வருகிற தேர், ஒரு மரக்கட்டைக்குக் கட்டுப்பட்டு நிற்கும். ஆசாரி எத்தனையோ தேர் பார்த்தவர். ஒவ்வொரு முறையும் அது நிற்கும்போது அவருக்கு உடம்பு சிலிர்க்கும். நிறுத்தியது தானல்ல என்பது அந்த நேரத்தில் அவருக்கு நன்றாகவே தெரியும். வீட்டுக்கு வந்ததும் மறந்துபோகும்.

"நாளைக்குக் காலைல வாங்க" என்றார் உலகம்மை. "வரும்போது கட்டைய எடுத்துட்டு வாங்க."

மறுநாள் காலை. மடத்துப் பின்புறத்தில் சரிவான முற்றம். அங்கே மாடு அவிழ்த்த பாரவண்டி நின்றது. உள்ளே விறகு.

"தேருக்குப் பதிலா இது" என்றார் உலகம்மை.

ஆசாரிக்குச் சங்கடம். குருவுக்குத் தான் சொல்லிக்கொடுப்பதா? ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் அவருக்குக் குரலே மாறிவிடும்.

"சக்கரத்துக்கு நேரா நிக்கப்படாது. பக்கவாட்டுல குனியணும். பிடியப் பிடிச்சு, சரிவு சக்கரத்தப் பாக்கற மாதிரி வைக்கணும். வச்ச உடனே கைய எடுத்து, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் காட்டணும்."

"அது எதுக்கு?"

"தேர்மேல கொடிக்காரர் நிப்பாரு. அவருக்குச் சக்கரம் தெரியாது. கட்டை போடுதவன் வெறுங்கை ரெண்டும் மேல தெரிஞ்சாத்தான், கட்டை விழுந்துட்டு, ஆளு தப்பிச்சுட்டான்னு அவருக்குத் தெரியும். பொறவுதான் கொடியத் தாழ்த்துவாரு. வடத்தவங்க விலகுவாங்க."

"சரி. வண்டியத் தள்ளுங்க."

ஆசாரி தள்ளினார். வண்டி மெல்ல உருண்டது. உலகம்மை குனிந்து கட்டையை வைத்தார். சரியாகத்தான் வைத்தார்.

ஆனால் கையை எடுக்கவில்லை.

"கைய எடுங்கம்மா!"

ஆசாரி பாய்ந்து நுகத்தடியைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். மூச்சு வாங்கியது.

"விட்டா நழுவிறாதா அண்ணாச்சி?"

"நழுவாது. மேல ஏறுற பாரமே கட்டைய அமுக்கிப் பிடிச்சுக்கிடும். நாம பிடிக்கப் பிடிக்கத்தான் அது கோணும்."

"ஓகோ. இன்னொருக்கத் தள்ளுங்க."

தள்ளினார். வைத்தார். கையை எடுக்கவில்லை.

மறுபடியும் பாய்ச்சல். மறுபடியும் இழுப்பு. ஆசாரியின் வேட்டி முள்ளில் கிழிந்தது.

"சொன்னா கேக்க மாட்டீங்களா?"

"கட்டை நழுவுனதே கிடையாதா?"

ஆசாரி நெற்றி வேர்வையை வழித்தார். பொய் சொல்ல அவருக்கு வராது.

"நழுவிருக்கு. கல்லு கிடந்தா நழுவும். எங்க அய்யா காலத்துல ஒருக்க கட்டை பிளந்தே போச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா கையால பிடிச்சு நின்ன தேர்னு ஒண்ணு கிடையாதும்மா. கை போனதுதான் மிச்சம்."

உலகம்மை அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"இன்னும் ஒருக்க."

இந்த முறை வண்டி கொஞ்சம் வேகமாகவே வந்துவிட்டது. ஆசாரியால் முழுதாகப் பிடிக்க முடியவில்லை. சக்கரம் கட்டையில் ஏறியது. உலகம்மையின் சுண்டுவிரல் நுனியைக் கடித்துவிட்டு நின்றது.

ஆசாரிக்கு வந்ததே கோபம். குரு, மடம், மரியாதை எல்லாம் பறந்துபோயிற்று.

"பைத்தியமா பிடிச்சிருக்கு ஒங்களுக்கு? தேரத் தாங்குறது ஒங்க கையா? கட்டைல்லா தாங்குது! வச்சாச்சுல்லா, விட வேண்டியதுதான!"

சத்தம் கேட்டு முற்றத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன.

உலகம்மை விரலை வாயில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். அந்தப் பார்வையில் வலி இருந்தது. அதைவிட அதிகமாக ஏதோ ஓர் எதிர்பார்ப்பு இருந்தது.

ஆசாரி அதைக் கவனிக்கவில்லை. அவசர அவசரமாக மஞ்சளைக் குழைத்து எடுத்துவந்து விரலில் பூசினார். செய்துவிட்ட பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டார். கடைசியில், போகும்போது, வாசலில் நின்று தயங்கினார்.

"நான் கேட்டதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலியேம்மா?"

உலகம்மை சிரித்துவிட்டார்.

"இருங்க அண்ணாச்சி. நான் இப்பந்தான படிக்கேன்."

தேரோட்டத்தன்று கோமு காலையில் எழும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை வைகுண்டம் ஆட்டோ கொண்டுவந்தான். ஆசாரியும் ஏறப்போனார்.

"அப்பா, நீங்க எங்க வாரீங்க? தேர் இருக்குல்லா" என்றாள் கோமு. வலியோடு சிரிக்க முயன்றாள். "நீங்க போடலன்னா யாரு போடுவா?"

வேறு யாரும் இல்லைதான். ஆசாரி இறங்கிக்கொண்டார். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி போன அன்றும் இப்படித்தான் தெருமுனையில் ஒரு வண்டி திரும்பியது.

தேர் நிலையிலிருந்து கிளம்பியது.

கீழ ரதவீதியில் இரண்டு இடத்தில் கட்டை போட வேண்டியிருந்தது. இரண்டு இடத்திலும் ஆசாரியின் கை பிந்தியது. கட்டையை வைத்துவிட்டு, சரியாக உட்கார்ந்ததா, நழுவுமோ, கல் இருக்குமோ என்று பிடியைப் பிடித்தபடியே பார்த்தார். சக்கரம் அவர் விரலை உரசிக்கொண்டு நின்றது.

எதிர்ச் சக்கரத்திலிருந்து செண்பகராமன் பார்த்துவிட்டான். வேர்வையைத் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, என்ன செய்யுதீங்க? இன்னும் குளத்து இறக்கம் இருக்கு."

"தெரியும்ல, போ."

"ஒங்க கை போனா ஒங்களோட போச்சு. கட்டை கோணுனா தேர் எங்க போகும்?"

ஆசாரி கட்டையை எடுத்துக்கொண்டு நடந்தார். தேர் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும்.

குளத்து இறக்கம்தான் அந்தத் தேரோட்டத்தின் கண்டம். வடக்கு ரதவீதி அங்கே தெப்பக்குளத்தை நோக்கிச் சரியும். சரிவு தொடங்குகிற முனையில் தேரை நிறுத்தி, முன்னால் இழுத்தவர்கள் எல்லாரும் விலகி, வடத்தைப் பின்பக்கம் மாற்றிக் கட்டி, பிறகு பின்னுக்குப் பிடித்துப் பிடித்து மெல்ல இறக்குவார்கள். நிறுத்துகிற அந்த நேரத்தில் தேருக்கு முன்னால் ஊரே நிற்கும். கட்டை இரண்டும் நேராக விழுந்தால் தேர் நிற்கும். ஒன்று கோணினால் தேர் ஒருபக்கமாகத் திரும்பும். இரண்டு பக்கமும் பெண்களும் பிள்ளைகளும் வீதியோரத் திட்டுகளில் வரிசையாக நின்று கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

தேர் முனையை நெருங்கும்போது வைகுண்டத்தின் தம்பி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான்.

"மாமா! மதினிக்கு முடியல. உள்ள கொண்டு போயிட்டாங்க. டாக்டரம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேங்காங்க."

"மழை பெய்யுதா?" என்று கேட்டார் ஆசாரி. ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. வானம் பளிச்சென்று இருந்தது.

மேலே கொடிக்காரர் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டார். கட்டை போடு என்று அர்த்தம்.

மேளம் நின்றது. வடம் தளர்ந்தது. யாரும் இழுக்கவில்லை. தேர் தானாக வந்தது.

ஆசாரி குனிந்தார். கட்டையை வைத்தார். நேராகத்தான் விழுந்தது.

கை விடவில்லை.

கோமு. அவள் அம்மா. ஆட்டோ. பெரிய டாக்டரம்மா. ஒன்றும் சொல்ல மாட்டேங்காங்க. அவர் பிடியை இறுக்கினார். இதை விட்டால் எல்லாம் போய்விடும் என்று இருந்தது. எதை விட்டால்? அவருக்குத் தெரியவில்லை. உலகத்தில் பிடித்துக்கொள்ள அந்த மரப்பிடி ஒன்றுதான் மிச்சம் இருப்பதுபோல் பிடித்தார். கட்டை அவர் பிடியின் இறுக்கத்தில் லேசாகக் கோணத் தொடங்கியது.

சக்கரம் வந்துகொண்டிருந்தது.

"கையக் காட்டு! வலது கையக் காட்டு!" கொடிக்காரர் அலறினார்.

செண்பகராமன் தன் கட்டையைப் போட்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டான். "அண்ணே!" என்று கத்தினான். ஊரே கத்தியது. ஆசாரிக்கு எதுவும் கேட்கவில்லை.

ஒரே ஒரு குரல் கேட்டது. பெண்கள் நின்ற திட்டிலிருந்து, முன்வரிசையிலிருந்து.

"தேரத் தாங்குறது ஒங்க கையா அண்ணாச்சி?"

ஆசாரி திரும்பிப் பார்த்தார்.

உலகம்மை அங்கே நின்றார். தேர் திரும்பினால் முதலில் எங்கே போகுமோ, சரியாக அங்கே. ஓடவில்லை. விலகவில்லை. தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கியிருந்தார். ஒரு சுண்டுவிரலின் நகம் கறுத்துப்போயிருந்தது.

அந்தக் கேள்வி யாருடையது என்று ஆசாரிக்குத் தெரிந்தது.

கட்டையை நேராக்கினார்.

விட்டார்.

அவ்வளவுதான். விரல்கள் பிரிந்தன. சக்கரம் வந்து, சரிவில் ஏறி, ஒரு நீண்ட முனகலோடு கட்டையைத் தரையில் அமுக்கியது. உச்சிக் கலசத்திலிருந்து அடிச்சட்டம்வரை தேர் ஒருமுறை குலுங்கியது. மணிகள் எல்லாம் ஒன்றாக ஒலித்தன.

நின்றது.

ஆசாரியின் இரண்டு கையும் தலைக்கு மேல் போயிருந்தன. தூக்க வேண்டும் என்று நினைத்து அவர் தூக்கவில்லை. பழக்கத்தில் தானாக எழுந்தவை.

கொடி தாழ்ந்தது. முன்னால் நின்றவர்கள் விலகினார்கள். "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு வீதி முழுக்க எழுந்தது.

இனி கையைக் கீழே போடலாம்.

ஆசாரி போடவில்லை.

அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமும் இந்த இடத்தில் அவர் சக்கரத்தைத்தான் பார்த்திருக்கிறார். கட்டையைத்தான் பார்த்திருக்கிறார். இன்றுதான் மேலே பார்த்தார். தொங்கும் துணித் தொம்பைகளுக்கும் வாழைமரங்களுக்கும் மேலே, மிக உயரத்தில், மாலைகளுக்கு நடுவே சாமி உட்கார்ந்திருந்தார். வெயில் முகத்தில் விழுந்திருந்தது. அவ்வளவு பெரிய பாரம் தனக்குக் கீழே நிற்பதைப் பற்றி அந்த முகத்தில் எந்தக் கவலையும் இல்லை.

 

ஆசாரிக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது. ஏற்கனவே கை தலைக்கு மேல்தான் இருந்தது. உள்ளங்கை இரண்டும் காலியாக இருந்தன. நெஞ்சில் இறுக்கிப் பிடித்துக் கும்பிட்ட நாட்களில் அவை ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

வலி எப்போது வரவேண்டும், யார் இருக்க வேண்டும், எது முதலில் திரும்ப வேண்டும், எதையும் அவர் சொல்லவில்லை. கண்ணீர் மட்டும் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

பின்பக்கம் வடம் கட்டி முடித்தார்கள். மேளம் மறுபடி தொடங்கியது.

"அண்ணே, கையப் போடுங்க. தேர் நகரணும்லா" என்றான் செண்பகராமன், பயந்துபோன குரலில்.

உலகம்மை திட்டிலிருந்து இறங்கி ஆசாரியின் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் அண்ணாந்து பார்த்தார்.

தெருக்கோடியில் வைகுண்டம் ஓடி வந்துகொண்டிருந்தான். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. கையை ஆட்டி ஏதோ கத்தினான். மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. அழுகிறானா சிரிக்கிறானா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

"அண்ணாச்சி" என்றார் உலகம்மை மெல்ல. "மாப்பிள்ள ஓடி வாராரு. பாக்கலையா?"

ஆசாரி கையை இறக்கவில்லை.

"வரட்டும்மா."